முகம் விசாரித்த குழி

குப்பணன் காட்டில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போட்ட குழி அறுநூற்று நாற்பதாவது அடியில் பாறையை வெள்ளைத் தூளாகக் கக்கிக்கொண்டிருந்த ஒரு வைகாசி முற்பகலில், கம்ப்ரசர் வண்டியிலிருந்து ரிக் வண்டிக்குப் போகும் காற்றுக்குழாய் ஒருமுறை நெளிந்து, பூட்டு அறுந்து, தன் இரும்புத் தலையால் சென்னியப்பனின் நெற்றியில் ஓர் அடி அடித்துவிட்டுத் தரையில் கிடந்து சீறியது. ரத்தம் வருவதற்கு முன்னால் நெற்றியிலிருந்து வேறு ஒன்று வந்தது என்று பக்கத்தில் ராடு மாட்டிக்கொண்டிருந்த மாதையன் சொன்னான். என்ன நிறம் என்று கேட்டார்கள். நிறமெல்லாம் இல்லை, பெருமூச்சு மாதிரி இருந்தது, வெளியே வந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு, வந்த வழி ரத்தத்தில் அடைபட்டுப்போனதால் போக்கிடம் இல்லாமல் குழிக்குள் இறங்கிவிட்டது என்றான். வெள்ளைப்பாறைப் புதூரில் யாரும் அவனை மறுத்துப் பேசவில்லை. ஆளைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கு ஓடுவதே அப்போது பெரிய வேலையாக இருந்தது.

சென்னியப்பன் பத்தொன்பது வருசமாக ரிக் ஓட்டியவன். மற்ற ஆட்கள் மேலே வரும் கல்மாவைப் பார்த்து வேலை செய்வார்கள். அவன் மாவை ஒருமுறையும் காட்டுக்காரர் மூஞ்சியை இரண்டு முறையும் பார்ப்பான். உன் பூமியில் தண்ணீர் இல்லை என்று ஒரு மனுசனிடம் சொல்வதற்கு ஒரு நேரமும் ஒரு குரலும் உண்டு என்பதும், அதற்கு முன்னால் இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, எருமை எத்தனையாவது ஈத்து என்று விசாரிக்க வேண்டும் என்பதும் அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது. அவன் பெண்டாட்டி துளசிமணி இருபத்தொரு வருசக் குடித்தனத்தில் அவனிடமிருந்து தொண்டையில் சிக்கிக்கொள்ளும்படி ஒரு சொல் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு நாள் இருந்தார்கள். நெற்றி எலும்பைச் சேர்த்துத் தைத்தார்கள். கடைசி நாளில் டாக்டர் அவனை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்.

"வழியில யாரோ ஒருத்தரோட பர்ஸ் கிடக்குது. என்ன பண்ணுவீங்க?"

"போலீஸ் ஸ்டேஷன்ல குடுப்பனுங்க."

"எழவு வீட்டுக்குப் போறீங்க. எப்படி நடந்துக்கணும்?"

"சத்தமாப் பேசக் கூடாதுங்க. சிரிக்கக் கூடாது. கையப் புடிச்சுட்டு சித்தெ நேரம் சும்மா உக்காந்திருக்கோணும்."

எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான். சொல்லிவிட்டு எழுந்து, மேசை மேல் டாக்டருக்காக வைத்திருந்த டீயை எடுத்துக் குடித்தான், டாக்டரின் பேனாவைத் தன் சட்டைப் பையில் சொருகிக்கொண்டான், திரும்பிப் பார்க்காமல் வெளியே போனான். டாக்டர் காலி டம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டுத் துளசிமணி பக்கம் திரும்பினார்.

"நெத்திக்குப் பின்னாடி இருக்கிற மூளை நசுங்கிப்போச்சும்மா. கை கால், பேச்சு, ஞாபகம் ஒண்ணும் கெடல. என்ன செய்யணும்கிற பதிலும் தெரியுது. அந்தப் பதில் கைக்குப் போய்ச் சேர மாட்டேங்குது" என்றார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு நீலச் சட்டைக்கும் சந்தனக் கலர் சட்டைக்கும் முன்னால் நின்ற சென்னியப்பன் மத்தியானச் சோற்றுக்கும் அங்கேயே நின்றான். நீலம் அழுக்குத் தெரியாது, ஆனால் வெயிலுக்குச் சுடும். சந்தனம் சுடாது, ஆனால் பொத்தான் ஒன்று லூசாக இருக்கிறது. பொத்தானைத் தைக்கலாம், தைத்தால் நூல் நிறம் சேராது. ஒவ்வொரு காரணமும் நியாயமாகத்தான் இருந்தது, ஒன்றும் தப்பாக இல்லை, யோசனை மட்டும் முடியவில்லை. துளசிமணி நீலச் சட்டையைப் பீரோவுக்குள் ஒளித்துவைத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் கண்ணில் படும்படி எல்லாமே ஒன்றொன்றுதான் இருந்தன: ஒரு சட்டை, ஒரு செருப்பு, ஒரு தட்டு, ஒரு சோப்பு.

ஈரோட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் மௌனிகா ஃபோன் பண்ணி, "அப்பா, என்னையப் பாக்கோணும் போல இருக்குதா?" என்று கேட்டாள். "இல்ல" என்றான். கேட்டதற்கு உண்மையைச் சொன்னோம் என்ற அளவில் ஃபோனைக் கீழே வைத்தான். அவள் அதற்கப்புறம் லீவுக்கு வரவில்லை.

குப்பணனின் தாயார் இறந்துபோனபோது சென்னியப்பனும் போனான். குப்பணன் மார்பில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் முன்னால் நின்று, "நாலு வருசமா, கெழவி எப்பச் சாவுமோன்னு எங்கிட்டச் சொல்லிச் சொல்லிப் பொலம்புனியே குப்பணா, இப்ப என்னத்துக்கு அழுவறே?" என்று கேட்டான். கோபம் இல்லை, கேலி இல்லை. விவரம் கேட்கும் குரல். குப்பணன் அழுகையை நிறுத்திவிட்டான். பாடை தூக்கும் வரைக்கும் அவன் தலை நிமிரவில்லை.

ரிக் வண்டிக்காரர் பழைய விசுவாசத்தில் அவனை மறுபடியும் வேலைக்குக் கூப்பிட்டார். ஒரு விதவையின் கரட்டுக் காட்டில் ஆயிரத்து முந்நூறு அடி வரைக்கும் இறக்கிக்கொண்டே போனான். அந்தப் பொம்பளை, போதும் சாமி, நிறுத்துங்க சாமி என்று காலைப் பிடித்துக் கதறினாள். அவன் மாவைக் கையில் அள்ளிப் பார்த்து, "இன்னும் கல்லுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ராடை மாட்டினான். மாதையன்தான் ஓடிப்போய் இன்ஜினை அணைத்தான். சென்னியப்பன் வீட்டோடு ஆனது அன்றிலிருந்து.

ஆடிக் காற்று குச்சிக்கிழங்குச் செடிகளைத் தரையோடு சாய்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில் துளசிமணி குப்பணன் காட்டுக்குப் போனாள். எதற்குப் போனாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ரத்தம் சிந்திய இடத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. ரத்தத்தை மழை கழுவியிருந்தது. தண்ணீர் வராத அந்தக் குழியின் பைப் ஒரு முழ உயரம் தரைக்கு மேலே நின்றது, வாயில் ஒரு சாக்கைத் திணித்திருந்தார்கள். அவள் சாக்கை உருவினாள்.

"யாருங்க?" என்றது உள்ளே இருந்து அவள் புருசனின் குரல்.

குளியலறைக்குள் இருப்பவருக்குப் பதில் சொல்வது போல, "நாந்தான்" என்றாள் துளசிமணி.

"நாந்தான்னா யாருங்க?"

"துளசிமணி."

"சேரிங்க அம்மிணி. கொரல் இப்பிடி நடுங்குதே. காத்துல நிக்காதீங்க, செடி மறைவுல உக்காந்துட்டுச் சொல்லுங்க."

அவள் உட்கார்ந்தாள். அடிபடுவதற்கு முந்தின நாள் வரைக்கும் வீட்டில் கேட்ட அதே குரல்தான், வார்த்தைக்கு முன்னால் ஒரு மூச்சு நின்று வரும் அதே பேச்சுதான். ஆனால் அதற்கு அவளை யாரென்று தெரியவில்லை. கல்யாணம் தெரியவில்லை, மகள் தெரியவில்லை, ஊர் தெரியவில்லை. குழிக்குள் இருந்தது ஒரு ஞாபகமும் இல்லாத அக்கறை. வீட்டில் இருந்தவனுக்கோ கல்யாணத்தன்று அவள் கையில் எத்தனை வளையல் உடைந்தது என்பது வரைக்கும் ஞாபகம் இருந்தது. அவ்வளவும் ஞாபகம் இருந்தும், அவள் காய்ச்சலில் கிடந்த மூன்று நாளும் போர்வையை உருவி எடுத்து அவன் போர்த்திக்கொண்டான்.

அவள் தினமும் போனாள். நாலாவது நாள் குப்பணன் பெண்டாட்டி ராமாயி பார்த்துவிட்டாள். பார்த்தவள் பயப்படவில்லை. தன் மருமகளைப் பற்றி ஒரு விசயம் கேட்க வேண்டும், உங்கள் வேலை முடிந்ததும் சொல்லுங்கள் என்று காத்திருந்தாள். மருமகள் சோற்றை வேண்டுமென்றே குழைய வடிக்கிறாள் என்பது அவள் வழக்கு. முழுவதையும் கேட்ட குழி, "சோறு போடறப்ப அந்தப் புள்ள மூஞ்சி எப்பிடி இருந்துச்சுங்க?" என்று விசாரித்தது. மூஞ்சியைப் பார்த்தோமா என்று ராமாயி யோசித்தாள். பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்குக் கடைவாய்ப் பல் இரண்டு வாரமாக வலித்துக்கொண்டிருந்தது, சொல்லப் பயந்துகொண்டு எல்லாவற்றையும் குழையக் குழையத் தின்றுகொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் ஊர் வந்தது. ரேஷன் கடைக்கு வருவது போல வந்தது, வரிசை போட்டது, பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் வைத்தது, ஓலையில் நிழல் கட்டியது, காலையில் பெண்களும் மாலைப் பொழுதோடு ஆண்களும் என்று முறை வைத்துக்கொண்டது. கோயில் பூசாரி வந்து கேட்டுப் பார்த்துவிட்டு, இது சாமியும் இல்லை, பேயும் இல்லை, கற்பூரம் ஏற்ற வேண்டாம், கோழியும் அறுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தன் தம்பியைப் பற்றி ஒன்று கேட்டுவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்து வாத்தியார் செல்ஃபோனில் பதிவு பண்ணினார், போட்டுப் பார்த்தால் வெறும் காற்றுச் சத்தம்தான் இருந்தது, அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வரப்புத் தகராறில் எட்டு வருசமாகப் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இருவரையும் குழி அதே கேள்வியைத்தான் கேட்டது. அது யாருக்கும் இதைச் செய் என்று சொன்னதில்லை, அதைச் செய்யாதே என்றும் சொன்னதில்லை. யாருங்க என்று கேட்கும், சொன்னதைக் கேட்கும், எதிராளியின் மூஞ்சி எப்படி இருந்தது என்று விசாரிக்கும், சித்தெ பொறுத்துப் பாருங்க என்று அனுப்பிவைக்கும்.

அப்படியாக வெள்ளைப்பாறைப் புதூர் மூஞ்சி பார்க்கும் ஊராக மாறியது. டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டுவதற்கு முன்னால் வாங்குகிறவன் மூஞ்சியைப் பார்த்தார். வாங்குகிறவன் டீக்கடைக்காரர் மூஞ்சியைப் பார்த்தான். இருவரும் பார்த்து முடிப்பதற்குள் டீ ஆறியது. பஸ் நின்றால் இறங்குகிறவர்கள் மூஞ்சியை ஏறுகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பெருந்துறையிலிருந்து பன் ரொட்டி கொண்டுவரும் வண்டிக்காரர், கடையில் நின்ற பதினோரு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் தன் மூஞ்சியையே பார்ப்பதைக் கண்டு வண்டியை எடுத்தபோது, ஒரு பொம்பளை மட்டும், "கொழந்தைக்கு இன்னும் சொகமாகலீங்களா?" என்று கேட்டாள். அவர் வீட்டில் குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்தது அவர் யாரிடமும் சொல்லாத சேதி. அந்த ஊருக்கு அதற்கப்புறம் பன் ரொட்டி வரவில்லை. வெளியூரிலிருந்து விருந்துக்கு வந்த ஒறம்பரைகள் இரவு தங்காமல் பொழுதோடு கிளம்பினார்கள். ஆவணியில் மழை பெய்து நின்றது. விதைக்கலாமா, இன்னும் சித்தெ பொறுக்கலாமா என்று குழியில் கேட்கப் போனவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே ஈரம் காய்ந்தது.

ஊர் முழுக்க இப்படித் தயங்கித் தயங்கி நடந்துகொண்டிருந்தபோது, அதன் நடுவில் ஒரே ஒருவன் மட்டும் தயக்கமில்லாமல் நடந்தான். எதிரே கிடந்த செருப்பைப் போட்டுக்கொண்டு போனான், யார் வீட்டுக் கதவு திறந்திருந்தாலும் உள்ளே போய்ச் சோற்றுப் பானையைத் திறந்தான், குண்டாக இருந்தவளைப் பார்த்து, குண்டாக இருக்கிறாய் என்றான். அவனிடமிருந்து போனதை ஊர் பங்கு போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறது என்று துளசிமணிக்கு ஒரு நாள் தோன்றியது. தோன்றியதும் அவள் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு குழிக்குப் போனாள். வரிசை விலகி வழிவிட்டது.

"உள்ள குனிஞ்சு பேசுங்க மாமா" என்றாள்.

அவன் குனிந்தான். "யாருங்க?" என்றது குழி.

"சென்னியப்பன்."

இரண்டும் ஒரே குரல். நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன சமாச்சாரமுங்க?"

"ஒண்ணுமில்ல. இவ பேசச் சொன்னா."

"பக்கத்துல இருக்காங்களா அவங்க?" என்று கேட்டது குழி.

"இருக்கறா."

"அவங்க மூஞ்சி எப்பிடி இருக்குதுங்க?"

சென்னியப்பன் திரும்பி அவளைப் பார்த்தான். நன்றாக, நெடுநேரம் பார்த்தான். ஒரு கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பவன் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை. "தண்ணியா ஒழுவுது" என்றான்.

"அப்ப நீங்க என்ன பண்ணோணும்?"

"ஏன் அழுவறேன்னு கேக்கோணும்."

"கேளுங்க."

காற்று நின்றிருந்தது. வரிசையில் இருந்த அத்தனை பேரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் நிமிர்ந்தான். ராமாயி சாய்த்து வைத்திருந்த குடை கண்ணில் பட்டது. அதை எடுத்து விரித்துப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

"கேட்டாருங்களா?" என்றது குழி.

எல்லோரும் போன பிறகுதான், "அவருதான் எங்க ஊட்டுக்காரரு" என்றாள் துளசிமணி.

"அப்பிடீங்களா. அவரு மூஞ்சி எப்பிடி இருந்துச்சுங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் நெற்றித் தழும்பைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவன் கட்டில் மேல் உட்கார்ந்திருந்தான், குடை இன்னும் விரித்தபடியே தலைக்கு மேலே இருந்தது. எதிரே உட்கார்ந்து பார்த்தாள். அதில் பொல்லாப்பு ஒன்றும் இல்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தெரியாத ஊரில், எந்த பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல், கேட்கவும் தோன்றாமல், எதிரே வந்து நிற்கும் எல்லா பஸ்ஸிலும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பவனின் மூஞ்சி அது. அவள் குடையை வாங்கி மடக்கினாள். பிறகு சோறு போட்டாள். போதும் என்று அவள் தட்டை எடுக்கும் வரைக்கும் அவன் தின்றான்.

இதற்கு நடுவில் குழியின் பைப், ஆட்கள் சாய்ந்து சாய்ந்து, ஒரு முழமாக இருந்தது ஒரு சாண் ஆகி, புரட்டாசி கடைசியில் தரையோடு தரையாக உடைந்து நின்றது. சாக்கைத் திணித்து வைத்தாலும் அடுத்து வருகிறவர் உருவிப் போட்டுவிட்டுப் போனார். யார் காலடி கேட்டாலும் குழி, "யாருங்க?" என்றுதான் கேட்கும். பெரியவர் என்றும் சிறியவர் என்றும் அதற்குத் தெரியாது. ஒரு திங்கட்கிழமை முற்பகலில் ராமாயி துணி துவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, இரண்டரை வயதுப் பேத்தி தன்ஷிகா குழியின் வாயில் தலையையும் ஒரு தோளையும் நுழைத்துக்கொண்டு, கால் இரண்டும் ஆகாயத்தில் உதைக்க, உள்ளே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்து அந்தக் குரல் பிரியமாக, "யாருங்க கண்ணு? சாப்ட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

ராமாயி காலைப் பிடித்து இழுத்தாள். குழந்தையின் தோளில் பைப்பின் விளிம்பு கீறி ரத்தம் கோடாக வந்தது.

அன்றே ஊர் கூடியது. மூட வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மாதையன் டிராக்டரில் மண்ணும் ஜல்லியும் கொண்டுவந்து கொட்டினான். ஆனால் முதல் கூடையைத் தூக்கிய குப்பணனைக் குழி, "யாருங்க? மூச்சு வாங்குதே, வயசென்ன ஆச்சுங்க?" என்று விசாரித்தது. அவன் கூடையை வைத்துவிட்டான். மாதையன் கூடையைத் தூக்கிக்கொண்டு அழுதான். வாத்தியார் ஒரு பிடி மண்ணை எடுத்து, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு நாள் மண் அப்படியே கிடந்தது. குழியைச் சுற்றிக் குழந்தைகளை விரட்ட ஆள் போட்டார்கள்.

மூன்றாவது நாள் காலையில் குப்பணன் சென்னியப்பன் வீட்டு வாசலுக்கு வந்தான். எழவு வீட்டுக்கு அப்புறம் அவன் அந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

"அம்மிணி, அவனாலதான் ஆவும்" என்றான், தலையைக் குனிந்துகொண்டு. "நீ சொன்னாச் செய்வான்."

"அவரையே அவரு கையால பொதைக்கச் சொல்றீங்க."

"பேத்தி தோளப் பாத்தியா?"

பார்த்திருந்தாள். அவள் கிளம்பினாள். குழியிடம் கேட்கப் போகவில்லை. அது என்ன கேட்கும் என்று தெரியும், அந்தக் குழந்தையின் மூஞ்சியும் தெரியும். "வாங்க மாமா, ஒரு வேலை இருக்குது" என்றாள். சென்னியப்பன் வந்தான்.

ஊர் தூரத்தில் நின்றது. துளசிமணி குழிக்குப் பக்கத்தில் நின்று, "அந்த மண்ண எடுத்து இதுக்குள்ள போடுங்க" என்றாள். அவன் கூடையை நிரப்பிக் கொட்டினான். மண் விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது.

"யாருங்க?" என்றது குழி, அடியிலிருந்து.

"சென்னியப்பன்."

"என்ன பண்றீங்க?"

"மூடறேன்."

"சேரிங்க. பக்கத்துல யாராச்சும் நிக்கறாங்களா?"

"துளசிமணி."

"சித்தெ தள்ளி நிக்கச் சொல்லுங்க. தூசி மூஞ்சில அடிக்கும்."

"தள்ளி நிக்கோணுமாம். தூசி மூஞ்சில அடிக்குமாம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு அடுத்த கூடையை நிரப்பினான்.

போடுங்க, என்றாள் அவள். போட்டான். போடுங்க, என்றாள். போட்டான். கூடைக்குக் கூடை அவள் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாவிட்டால் கூடையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றான். வெயில் ஏற ஏற, குழி நிறைய நிறைய, குரல் மேலே ஏறி வந்தது. முதலில் மலைக்கு அந்தப்பக்கம் இருப்பவன் போல இருந்தது, பிறகு கிணற்றுக்குள் இருப்பவன் போல, பிறகு அடுத்த அறையில் இருப்பவன் போல. அது கத்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. மண் தீர்ந்துபோகாமல் இருக்கிறதா என்று விசாரித்தது, தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டது. தூரத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

உச்சிப்பொழுதில் குழி ஒரு முழ ஆழத்துக்கு வந்துவிட்டது. சென்னியப்பன் கூடையைத் தூக்கிக்கொண்டு குனிந்து நின்றான். அவன் நெற்றித் தழும்புக்கும் அந்தக் குரலுக்கும் நடுவே இரண்டு கை தூரம்தான் இருந்தது. இறங்கினது ஏறி வந்துவிட்டது, இனி ஏறினால் வெளியேதான் வர வேண்டும், வெளியே வந்தால் அதற்குப் போக்கிடம் எதிரிலேயே இருக்கிறது என்பது அப்போதுதான் துளசிமணிக்கு உறைத்தது.

"பொறுங்க!" என்று கத்தினாள். "அசையாம நில்லுங்க. இன்னும் குனிங்க."

அவன் கூடையோடு குனிந்து நின்றான். குழிக்குள் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அது இத்தனை மாதத்தில் முதல் தடவையாக யாருங்க என்று கேட்கவில்லை.

"மூஞ்சி தெரியுதுங்க எனக்கு" என்றது.

ஊர் மெல்ல மெல்ல நெருங்கி வந்தது.

"எப்பிடி இருக்குது?" என்றாள் துளசிமணி.

"ரொம்பக் களைச்சுப் போயிருக்காருங்க. காலையில இருந்து கூடையத் தூக்கிட்டே நிக்கறாரு போல. கை ரெண்டும் நடுங்குது பாருங்க. வலிக்குதுன்னு சொல்ல அவருக்குத் தெரியல." குரல் அவள் காதோரம் பேசுவது போலத் தணிந்தது. "கீழ போடச் சொல்லுங்க அம்மிணி."

அவள் புருசனின் கைகளைப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் நரம்பு புடைத்து, மணிக்கட்டில் கூடையின் பிரம்பு அறுத்து ரத்தம் கசிந்து, தோளிலிருந்து விரல் வரைக்கும் கை ஆடிக்கொண்டிருந்தது. நாள் பூராவும் அவள் அந்தக் கைகளைப் பார்க்கவில்லை. ஐயோ என்று வந்தது அவளுக்கு.

"போடுங்க மாமா" என்றாள்.

அவன் போட்டான். அன்றைக்குக் காலையிலிருந்து அந்தச் சொல்லுக்கு எது அர்த்தமாக இருந்ததோ அதையே செய்தான். கூடை கவிழ்ந்தது. குழி தரைமட்டம் ஆனது.

துளசிமணி மண்டியிட்டு மண்ணில் காதை வைத்தாள். இரு கையாலும் பறித்தாள், முழங்கை ஆழம் வரைக்கும் பறித்தாள். மண் மண்ணாகத்தான் இருந்தது. அவள் தெரியாமல்தான் சொன்னாள் என்று ஒரு சாராரும், அது தெரிந்தேதான் சொல்லவைத்தது என்று ஒரு சாராரும் புதூரில் இன்றைக்கும் பேசுகிறார்கள். அன்றைக்கு ஒருவரும் அவள் மூஞ்சியைப் பார்க்கத் துணியவில்லை. வாத்தியார் திரும்பி நடந்தார், மற்றவர்களும் நடந்தார்கள். மாதையன் மட்டும் சிமெண்டைக் குழைத்துப் பூசிவிட்டுப் போனான்.

"அடுத்து என்ன?" என்று கேட்டான் சென்னியப்பன்.

துளசிமணி உட்கார்ந்த இடத்திலிருந்து அவனை நிமிர்ந்து பார்த்தாள். கேட்பதற்கு இனி யாரும் இல்லை. பிறகு எழுந்து, கூடையை அவன் கையிலிருந்து விரல் விரலாகப் பிரித்து வாங்கினாள், அவன் மணிக்கட்டைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"கையக் கழுவுங்க. ஊட்டுக்குப் போயி சாப்பிடலாம்."

குப்பணன் காட்டுப் பழைய கிணற்று மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தது. சென்னியப்பன் போய் அதைத் திறந்து கையைக் கழுவினான். மண் போன பிறகும் கழுவினான், ரத்தம் போன பிறகும் கழுவினான், விரல் நுனி வெளுத்துச் சுருங்கிய பிறகும் அதே கவனத்தோடு கழுவினான். துளசிமணி வந்து குழாயை மூடினாள்.